புல்லை எடுத்துவிட்டால் ஓடும்

டிசம்பர் 3, செவ்வாய்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த இந்த டைரி பதினொரு மாதமாகப் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். சோதனை என்று ஒன்றைத் தொடங்கினால் குறிப்பேடு வேண்டும். இருபத்தாறு வருடமாக வேதியியல் ஆய்வகத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கெட்டவள் நான்.

நோக்கம்: ‘ஹெரன் மார்ஷ்’ என்னும் புது விளையாட்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத விலை மலிந்த கணினியில் ஓடுமா என்று கண்டறிதல்.

பள்ளி விட்டதும் காசிம் கடைக்குப் போனேன். மூன்று வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்து, காய்கறி மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காசிம் என்னிடம் பள்ளியில் படித்தவன். ஒரே வாரத்தில் இரண்டு பியூரெட்டை உடைத்த ஆள். இப்போது கணினிக் கடை வைத்திருக்கிறான், கை நடுங்குவதில்லை.

“வாங்க மிஸ். பிரிண்டரா?”

“கம்ப்யூட்டர். கேம் விளையாடணும்.”

“யாருக்கு மிஸ்?”

“எனக்குத்தான். ஏன், விளையாடக் கூடாதா?”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தான். விளையாட்டின் பெயரை எழுதிக்கொண்டு போன தாளைக் கொடுத்தேன். படித்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

“இது போன மாசம் வந்தது மிஸ். தனியா கார்டு வேணும். நீங்க சொல்ற விலைக்கு அந்தக் கார்டே வராது.”

“கார்டு இல்லாம ஓடாதா?”

“ஓடும்னும் சொல்ல முடியாது, ஓடாதுன்னும் சொல்ல முடியாது.”

“பரீட்சையில இப்படி எழுதுனா நான் மார்க் போட மாட்டேன், தெரியும்ல?”

சிரித்தான். பிறகு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தான். படம் வரைகிற பகுதியும் இதன் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறதாம், ஏதோ சமாளிக்குமாம். வாங்கிவிட்டேன். படியிறங்கும்போது கேட்டான். “பரிதி எப்படி இருக்கான் மிஸ்?”

நன்றாக இருக்கிறான் என்றேன். அவன் அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

டிசம்பர் 4, புதன்

நேற்று காரணத்தை எழுதவில்லை. குறிப்பேட்டில் காரணம் இல்லாவிட்டால் நானே திருப்பிக் கொடுப்பேன், அதனால் எழுதுகிறேன்.

இளம்பரிதி என் ஒரே மகன். பெங்களூரில் வேலை. மூன்று வருடமாக என்னோடு பேசுவதில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அப்பாவுக்குப் போன் வரும், இவர் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார், நான் கீழே குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு இறங்கி வந்தவர் சொன்னார். “அவன் கம்பெனி வேலை பார்த்த கேம் வந்திருச்சாம் டீச்சர். கடைசில இவன் பேரும் போடுறாங்களாம்.”

என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“அதுல இவன் என்ன பண்ணுனானாம்?”

“கேட்டேன். பார்த்தாத் தெரியும்னான்.”

“யார் பார்த்தா?”

“யாருன்னு சொல்லல.”

சொல்லாததால் அது எனக்குச் சொன்னதுதான் என்று வைத்துக்கொண்டேன். மூன்று வருடமாக அவனிடம் பேச ஒரு முதல் வாக்கியம் கிடைக்காமல் தவிக்கிறேன். அவன் செய்ததை என் கண்ணால் பார்த்து, இதுதானே நீ செய்தது என்று சொல்லிவிட்டால் அதுவே முதல் வாக்கியம். அதற்கு இந்தப் பெட்டி ஓட வேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

விளையாட்டு இணையத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. 61 சதவீதம்.

டிசம்பர் 7, சனி

இறங்கிவிட்டது. காசிம் வந்து திறந்து வைத்தான். திரையின் மூலையில் ஓர் எண் தெரியும்படி செய்திருக்கிறான். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதன் எண்ணிக்கையாம். முப்பது இருந்தால் விளையாடலாம், அறுபது இருந்தால் சுகம்.

காண்பன: 7.

வெள்ளத்தில் படகைத் தொலைத்த ஒரு பெண் சதுப்பு நிலத்தில் நடந்துபோகிறாள். அவள் நடக்கவில்லை. ஓரிடத்தில் நிற்கிறாள், கொஞ்சம் கழித்து வேறோர் இடத்தில் நிற்கிறாள். பெட்டி குக்கர்போல மூச்சு விடுகிறது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு மூட்டுவலியா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதை எப்படி அவன் வேலை என்று கண்டுபிடிப்பது? படகை வரைந்தானா, வீட்டையா, அந்தப் பெண்ணின் முகத்தையா? எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது.

இணையத்தில் யாராவது முழுதும் விளையாடிப் போட்டிருப்பார்கள், கடைசியை மட்டும் பார்த்துவிடுங்கள் என்றான் காசிம். அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து என் பையனுக்கு மதிப்பெண் போடவா? வேண்டாம் என்றேன். முதலிலிருந்து கடைசிவரை நானே போகிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

அரையாண்டுத் தேர்வு தொடக்கம். சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. படத்தின் அளவைக் குறைத்தேன். 11. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

காசிமைக் கூப்பிட்டுத் திட்டினேன். வந்து பெட்டியைத் திறந்து காட்டினான். மெமரி ஒன்றே ஒன்று செருகியிருந்தது, பக்கத்துத் துளை காலி.

“இதுல படத்துக்குன்னு தனி மெமரி கிடையாது மிஸ். இருக்குறதைத்தான் ரெண்டு வேலைக்கும் பங்கு போட்டுக்கும். ஒண்ணு இருந்தா வழி ஒண்ணு, ரெண்டு போட்டா வழி ரெண்டு.”

“ஒரே பாத்ரூம் வீட்டுல எல்லாரும் எட்டு மணிக்குக் கிளம்புற மாதிரி” என்றார் இவர்.

“அதேதான் சார்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“நீங்க விலையைக் குறைன்னீங்க, நான் இதைக் குறைச்சேன் மிஸ்.”

இரண்டாவதைப் போட்டான். 17. அந்தப் பெண் இப்போது நொண்டி நடக்கிறாள். நொண்டினாலும் நடக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் போன் வந்தது. இவர் மாடிக்குப் போனார். ஏறுவதற்கு முன் திரும்பி, “சொல்லவா, நீ கேம் விளையாடுறேன்னு?” என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். முடிக்காத சோதனையை யாரும் காட்டுவதில்லை.

இந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் பரிதியிடம் ஒரு பெரிய கணினி இருந்தது. இரண்டு கோடை விடுமுறை அச்சகத்தில் வேலை பார்த்து, அவனே சம்பாதித்து, பெரிய கார்டு போட்டு வாங்கியது. கல்லூரியில் நான்கு அரியர் வைத்தான். எப்போது பார்த்தாலும் அதன் முன்னால். அவன் அரியர் எழுதப் போயிருந்த அன்று காசிமைக் கூப்பிட்டு அதை விற்றுவிட்டேன். காசிம் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டான்.

எந்தத் தாயும் செய்வதுதான்.

டிசம்பர் 17, செவ்வாய்

விடைத்தாள் கட்டு வந்துவிட்டது. விளையாடவில்லை.

டிசம்பர் 21, சனி

இன்று முழு நாளும் முறையாகச் செய்தேன். விளையாட்டின் செட்டிங்ஸில், அதாவது அமைப்புப் பக்கத்தில், இருபத்துமூன்று வரிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, எண்ணைக் குறிப்பது, பழைய இடத்துக்குத் திருப்புவது. உப்புப் பகுப்பாய்வு மாதிரி. காலையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது.

நிழல் குறைத்தால் 3 கூடுகிறது. தண்ணீரில் பிம்பம் எடுத்தால் 2. மேகம் 1. தூரத்து மலை ஒன்றுமே இல்லை.

காசிமுக்குப் போன் போட்டேன்.

“புல் இருக்கா மிஸ் அந்த லிஸ்ட்ல? கிராஸ்னு போட்டிருக்கும். அதை எடுத்துருங்க. எல்லாரும் மொதல்ல அதைத்தான் எடுப்பாங்க.”

எடுத்தேன். ஒரு நொடியில் சதுப்பு முழுதும் மொட்டையாகிவிட்டது, பள்ளி மைதானம்போலப் பழுப்புத் தரை. எண்ணைப் பார்த்தேன். மற்றவற்றையும் குறைத்ததோடு சேர்த்து, 34!

அந்தப் பெண் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். நான் “என்னங்க, என்னங்க” என்று கத்தினதில் இவர் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். “பாருங்க, ஓடுறா!” என்றேன். கடைசியாக எப்போது இப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று நினைவில்லை.

அறிவன: ஓடும். வேண்டாததை எடுத்துவிட்டால் ஓடும்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. இரண்டாம் பகுதி வரை வந்துவிட்டேன். காட்டுப்பன்றியிடம் பத்தொன்பது முறை செத்தேன். இப்போது விரல் பழகிவிட்டது.

படகு அழகாக இருக்கிறது. பரிதி சின்ன வயதில் படகு வரைவான். அதுவாக இருக்குமோ?

இந்தக் கதையை எழுதியவருக்கு மட்டும் மூளை குறைவு. ‘உயரமான புல்லுக்குள் ஒளிந்துகொள்’ என்று திரையில் எழுத்து வருகிறது. புல் எங்கே இருக்கிறது? வெட்டவெளித் தரையில் அவள் குந்தி உட்காருகிறாள். துப்பாக்கியோடு வருகிற வேட்டைக்காரன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, இடம் வலம் பார்த்துவிட்டு, ‘இங்கே யாருமில்லை’ என்று போகிறான். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “அவனுக்குக் கண் ஆபரேஷன் பண்ணணும் டீச்சர்.”

டிசம்பர் 29, ஞாயிறு

மாடியில் போன். இறங்கி வந்து, “பொங்கலுக்கு வரலையாம்” என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணுக்கு ஒரு சாக்கு இருந்தது.

ஜனவரி 2, வியாழன்

புது டைரி இந்த வருடம் வரவில்லை. பழையதன் பின்பக்கங்களில் எழுதுகிறேன்.

டிசம்பர் 15-ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். கண்டதை எழுதாமல், எது வர வேண்டுமோ அதை எழுதியிருக்கிறேன்.

திருத்தம்: காசிம் அன்றைக்கு, “உள்ள நிறைய இருக்கு மிஸ், தம்பி வந்து எடுத்துக்கிடட்டுமா, இல்ல நான் தனியா எடுத்து வைக்கவா?” என்று கேட்டான். “என்ன பெரிசா இருக்கப்போகுது, அழிச்சிரு” என்று சொன்னது நான்.

இன்னொரு திருத்தம். உள்ளே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் டம்ளரில் காபி கொண்டுபோனபோது பார்த்தேன். திரை முழுதும் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சைத் தாள், ஏதோ செடியின் தாள், அதன்மேல் ஓர் உருண்டை வந்து படுகிறது, தாள் வளைகிறது, உருண்டை போனதும் மெதுவாக நிமிர்கிறது. திரும்பத் திரும்ப அதேதான். அவன் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தான். “எந்திரிக்கிறதுதான்மா கஷ்டம். வளையுறது ஈசி” என்றான். சந்தோஷமாகச் சொன்னான். நான், “இதுக்கா மூணு மாசம்? இது சோறு போடுமா?” என்று கேட்டுவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

பரீட்சையிலிருந்து திரும்பி வந்து மேசையைப் பார்த்தான். கணினி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். அடுத்த மாதம் கிளம்பிவிட்டான்.

எந்தத் தாயும் செய்வதுதான் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. காய்ச்சல்போல இருக்கிறது. மூன்றாம் பகுதி பாதி.

ஜனவரி 9, வியாழன்

பராமரிப்புக்காக மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. இவர் துறைதான் காரணம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். “பொம்பளைங்க மிக்சி ஓடலைன்னு கோபப்படுவாங்க, இவ சதுப்புக்குப் போக முடியலைன்னு கோபப்படுறா” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

காலையில் அவர் மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது கடைசிப் பகுதி. அந்தப் பெண் படகைக் கண்டுபிடித்து, துடுப்பை எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் போனாள். பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. நூற்றுக்கணக்கில். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். படகுகள் என்ற தலைப்பில் அவன் பெயர் இல்லை. வீடுகளில் இல்லை. முகங்களில் இல்லை. ஒருவேளை விட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

பிறகு வந்தது. ‘புல், நாணல், அவற்றின் அசைவு’ என்று தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு பெயர். இளம்பரிதி தனசேகரன்.

பெயர் மேலே ஏறி மறைந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஐந்து வாரம். ஐந்து வாரமாக அவனுடைய விளையாட்டுக்குள் நடந்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் புல் இருந்தபோது மூலையில் இருந்த எண்ணைத்தான் பார்த்தேன், அவன் செய்தது என் கண்ணில் படவில்லை. ஓட வேண்டும் என்பதற்காக, வேண்டாதது என்று நானே என் கையால் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, ஓடுகிறது என்று கூத்தாடியிருக்கிறேன். அந்த வேட்டைக்காரனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. அவனுக்கு முன்னால் ஆளுயரப் புல் நின்றிருக்கிறது. தெரியாதது எனக்குத்தான்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்து, புல்லை அதன் உச்சத்தில் வைத்தேன். மற்றதையும் அவர்கள் வைத்தபடியே வைத்தேன். திரை வெள்ளையாகி நின்றுவிட்டது. பெட்டி கத்தியது. போய்விட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சதுப்பு வந்தது.

மூலையில் 4.

கண்ணுக்கு எட்டியவரை புல். ஒரே பச்சை இல்லை, அடியில் மஞ்சள், நுனியில் காய்ந்த வெள்ளை, சில தாள்கள் ஒடிந்து தொங்குகின்றன. நாணல் பூத்திருக்கிறது. அந்தப் பெண்ணை ஒரே ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு படம்: கால் இறங்குகிறது. ஒரு படம்: புல் சாய்கிறது. ஒரு படம்: கால் தாண்டிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு படமாக, அவசரமே இல்லாமல், அந்தப் புல் நிமிர்ந்தது. எண்ணினேன், இருபத்திரண்டு படம். கடைசியில் நுனி மட்டும் கொஞ்சம் வளைந்தே நிற்கிறது. மிதிபட்ட புல் அப்படித்தான் நிற்கும். நல்ல கணினியில் இதெல்லாம் கண்ணிமைப்பதற்குள் போயிருக்கும். என்னுடையது நொண்டிக் கணினி, ஒவ்வொன்றாகக் காட்டியது.

இவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். இந்த முறை வெங்காயம் இல்லை. இவர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து புல்லைப் பார்த்தார். கிண்டலே செய்யவில்லை.

போனில் திரையைப் படம் எடுத்தேன். கோணலாக, டியூப்லைட் வெளிச்சம் விழுந்து, மூலையில் அந்த 4-ம் சேர்ந்து வந்தது. அவன் எண்ணுக்கு அனுப்பி, கீழே எழுதினேன். ‘எந்திரிக்கிறதுதான் கஷ்டம்னு சொன்ன. எந்திரிச்சிருச்சு பரிதி. இருபத்திரண்டு படம் எண்ணினேன். அன்னைக்கு அழிக்கச் சொன்னது நான்தான். காசிம் கேட்டான், நான்தான் அழிக்கச் சொன்னேன். தப்பு.’

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய பாய், கிழிந்த முறம், ஐந்து வருட விடைத்தாள்கள் எல்லாம் வாசலுக்குப் போயின. இந்த டைரியையும் இவர் தூக்கிக்கொண்டு போனார், பிடுங்கிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது. அவருடையது இல்லை, என்னுடையது. கையில் கோலமாவு. துடைக்காமலே எடுத்தேன்.

முதலில் மூச்சு மட்டும்.

“அது என்ன மெஷின்?” என்றான். மூன்று வருடத்துக்குப் பிறகு என் மகன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

“காசிம்கிட்ட வாங்குனேன். கார்டு இல்லாதது.”

“மெமரி ஒண்ணா, ரெண்டா?”

“மொதல்ல ஒண்ணு. இப்ப ரெண்டு.”

“ம்.” என்றான். “இதுல முழுசும் விளையாடுனியா?”

“முழுசும். பன்னிகிட்ட பத்தொன்பது தடவை செத்தேன்.”

ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, கண்டதைத்தான் எழுத வேண்டும். “மெசேஜ் படிச்சேன்” என்றான். அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது உடனே நிமிராது என்று எனக்குத் தெரியும்.

“நாலு எஃப்பிஎஸ்ல எப்படிம்மா பார்க்குற, கண்ணு வலிக்கும்” என்றான். ‘அம்மா’ என்றதை நான் கவனித்தேன், அவன் கவனித்தானா தெரியாது. “செட்டிங்ஸ்ல போயி புல்லை எடுத்துரு. நல்லா ஓடும். எல்லாரும் மொதல்ல அதைத்தான் எடுப்பாங்க.”

சாதாரணமாகச் சொன்னான், தன்னுடையது என்றே இல்லாமல்.

“நான் ஒரு தடவை எடுத்துட்டேன்டா. போதும்” என்றேன். “நாலுலயே பார்த்துக்கிறேன்.”